இமையில்லாத சூனியக்காரி

ஒரு ஊர்ல ஒரு கோமளவல்லி இருந்தா. அச்சாபீசுக்குப் படம் செதுக்கிக் குடுக்கிறது அவ வேலை. அப்பல்லாம் கதைப் புஸ்தகத்துல படம் வரணும்னா மொதல்ல மரக்கட்டையில செதுக்கணும். வேண்டாத எடத்தைத் தோண்டி எடுத்துட்டு, மிச்சம் நிக்கிற கோட்டுல மை தடவி, காகிதத்தை வச்சு அமுக்கினா, டப்புனு படம் விழும். கோமளம் வீட்டுல நாளெல்லாம் டொக்கு டொக்குனு உளிச் சத்தம்தான். ம் சொல்லு. என்ன, அதுக்குள்ள தூங்கிட்டியா?

ஒரு நாள் அச்சாபீசு மொதலாளி வந்தாரு. "கோமளம், ஒரு சூனியக்காரி வேணும். பாத்த ஒடனே புள்ளைங்க வீல்னு கத்தணும்"னாரு. ஊரான் புள்ளையக் கத்த வைக்கிறதுல அந்த மனுசனுக்கு அம்புட்டு ஆசை! அப்புறம் கோமளம் உக்காந்து விரிஞ்ச தலை செதுக்கினா, வளைஞ்ச மூக்கு செதுக்கினா, தோள்ல ஒரு சாக்கு மாட்டினா. கண்ணு மட்டும் பாக்கி. சிலையோ படமோ, கண்ணைக் கடைசியிலதான் தெறக்கணும். தெறந்தா உசுரு வந்துருமாம். மொதலாளி பக்கத்துல நின்னுக்கிட்டு "இன்னும் பெருசா, இன்னும் பெருசா"ன்னாரு. அவ வழிச்சு எடுத்துக்கிட்டே போனா. அதோட ரெண்டு இமையும் செதுக்குப்பட்டுப் போயிருச்சு. அவ கவனிக்கல.

மறுநாள் நல்ல உச்சி வெயிலு. கோமளத்தோட கைக்கொழந்தை பூங்காவனம் சேலைத் தொட்டில்ல தூங்குது. அப்போ கட்டையில இருந்து சரசரன்னு ஒரு சத்தம். சூனியக்காரி எறங்கி வந்தா, ஒடம்பு முழுக்கக் கறுப்புக் கோடு. தொட்டிலுக்குள்ள கைய விட்டு, பால்ல ஆடை எடுக்கிற மாதிரி கொழந்தையோட தூக்கத்தை எடுத்துச் சாக்குல போட்டுக்கிட்டா. கொழந்தை வீல்னு முழிச்சுது. அப்புறம் லேசாக் கண்ணு சொருகினாலும் வந்து எடுத்துக்கிட்டுப் போயிருவா. கொழந்தை பாலு குடிக்கல, சிரிக்கல, வாடி வதங்கிப் போச்சு. பெத்தவளுக்கு எப்படி இருக்கும், சொல்லு.

மொதல்ல கோமளம் வாசல்லயும் தொட்டில்லயும் வேப்பிலை கட்டினா. சூனியக்காரி அதை விலக்கிட்டு வந்தா. அப்புறம் கட்டையப் பொட்டியில போட்டு, மேல இரும்பு ஆணி அடிச்சா, டங்கு டங்குனு. சூனியக்காரி மை மாதிரி இடுக்கு வழியா ஒழுகி வந்தா. மூணாவது தடவை கோமளம், வரட்டும்னு காத்திருந்து, சாக்கோட நுனியப் புடிச்சுக்கிட்டா.

"ஏண்டி, என் புள்ளை தூக்கத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றே?"

சூனியக்காரி பொத்துனு உக்காந்து அழுதா. "பொறந்ததுல இருந்து நான் தூங்கல தாயி. எடுத்துக் கண்ணுல வச்சுப் பாக்குறேன், வழிஞ்சு ஓடிருது. மூடுறதுக்கு ஒண்ணும் இல்லையே."

அப்போதான் கோமளம் பாத்தா. இமையே இல்ல! "ஐயோ, என் கைதான பண்ணிச்சு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

"சரி பண்றேன். ஆனா செதுக்கிப் போன மரம் திரும்ப வராது. பழைய கண்ணைத் தோண்டிட்டுப் புது மரம் வச்சுத்தான் இமை செதுக்கணும்"னா கோமளம்.

"தோண்டவா!" சூனியக்காரி கண்ணைக் கையால பொத்திக்கிட்டா. "என்னைக் குருடாக்கிட்டு விட்டுருவே."

கட்டையத் தூக்கி அடுப்புல போட்டாத் தொல்லை விட்டுதுன்னு கோமளத்துக்கும் தோணுச்சு. தோணாம இருக்குமா? ஆனா அழுதுக்கிட்டு இருக்கிறவளப் பாத்தா மனசு வரல. கொழந்தையத் தூக்கி அவ மடியில வச்சா.

"இந்தா, என் உசுரு. நான் ஏமாத்தினா நீ வச்சுக்கோ."

சூனியக்காரி அசையாம உக்காந்தா. தொட்டில் கம்புல இருந்து ஒரு துண்டு நறுக்கி எடுத்துட்டு, அவ முகத்துல உளிய வச்சா கோமளம். டொக்கு. டொக்கு. பழைய கண்ணு போச்சு, சூனியக்காரிக்கு ஒரே இருட்டு. கொழந்தையப் புடிச்சிருந்த கை இறுகுச்சு. ஆனா கோமளத்தோட உளி பிசகல. துண்டைப் பொருத்தினா, கண்ணை வரைஞ்சா, மேல மெல்லிசா இமையச் செதுக்கினா.

இமை ஒரு தடவை படபடன்னு அடிச்சுது. "அப்பாடி"ன்னா சூனியக்காரி. கை தளர்ந்துச்சு. சாக்கு அவுந்து, உள்ள இருந்த தூக்கமெல்லாம் புசுபுசுன்னு வீடு முழுக்கப் பரவிச்சு. மடியில கொழந்தை தூங்குச்சு, சூனியக்காரி தூங்கினா, உளியோட கோமளமும் தூங்கினா. கேக்குறியா? ம்... உன் ம் சின்னதாயிருச்சே.

கோமளம் முழிச்சுப் பாத்தா கொழந்தை தன் பக்கத்துல சிரிக்குது. சூனியக்காரி கட்டைக்குள்ள போயிட்டா. கண்ணு மூடி இருக்கு, மடி மட்டும் இன்னும் ஒரு புள்ளைய வச்சிருக்கிற மாதிரியே குழிஞ்சு இருக்கு.

மொதலாளி படத்தைப் பாத்துட்டுக் குதிச்சாரு. "இதப் பாத்து எந்தப் புள்ளை கத்தும்?"

"கத்தாது ஐயா. தூங்கும்."

அவரு திட்டுறதுக்கு வாயத் தெறந்தாரு. ஆஆவ்னு கொட்டாவிதான் வந்துச்சு.

கதை அம்புட்டுதான் தங்கம். உனக்குத்தான் சாமி ரெண்டு இமை குடுத்திருக்கே. மூடு.