வேண்டாம் என்று சொன்ன வீடு

துறவி நித்திலம்மாவைவிட ஒப்பிலாமணி பன்னிரண்டு வயது மூத்தவர். தொலைபேசித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றபின் அந்தத் துறவியிடம் சீடராகச் சேர்ந்தவர். ஊராட்சி கேட்டுக்கொண்டதால் வீடு வீடாகப் போய் இணைய வசதி பற்றி விசாரித்துவிட்டு, அன்று ஆசிரமத்துக்குத் திரும்பினார்.

“அம்மா, ஊருக்குள்ள முக்கால்வாசி வீட்டுல இன்டர்நெட் இருக்கு. காலனியில ஒரு வீட்டுலகூட இல்ல. கேட்டா வேண்டாம்ங்கறாங்க. இவங்களுக்கு எப்படி ஆசையை உண்டாக்குறது?”

“ஒரு வீட்டுக்குப் போயிட்டு வருவோம்” என்றார் குரு.

காலனியில் அஞ்சுகம் வாசலுக்கு வந்தாள். நர்ஸ் படிப்பு முடித்தவள். போன மாதம் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று, போனில் ஒரு நேர்காணலுக்குப் பதில் சொன்னாள். பாதியில் சிக்னல் போனது. வேலையும் போனது.

நித்திலம்மா சீடரிடம் திரும்பினார். “இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போடுங்க. இந்த வீட்டுக்கு லைன் கேளுங்க.”

போட்டார்.

“எந்தத் தெரு சார்?” என்றது மறுமுனை.

“காலனி, மூணாவது தெரு.”

“அந்தப் பக்கம் கொடுக்கறதில்ல சார். வந்தா சொல்றோம்.”

அஞ்சுகம் சிரித்தாள். “எனக்கும் நாலு தடவை இதையேதான் சொன்னாங்க.”

“அப்புறம் ஏம்மா என்கிட்ட வேண்டாம்னு சொன்னே?”

“அவங்க இல்லேங்கறதுக்கு, நானே வேண்டாம்னு சொல்லிடறது மேல் இல்லையா சார்?”

மறுநாள் ஒப்பிலாமணி கம்பெனி அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றார்.

“அங்க யார் சார் வாங்குவாங்க?” என்றார் மேலாளர்.

“நாலு தடவை கேட்ட பொண்ணு வாங்கும். கடைசிக் கம்பத்துலேருந்து அந்த வீடு நூத்தம்பது மீட்டர். அளந்துட்டுத்தான் வர்றேன். முடியாதுன்னா, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

மேலாளர் பேனாவைத் தொடவில்லை. ஆளை அனுப்பினார்.

மூன்றாம் நாள் கம்பத்திலிருந்து கம்பி இழுத்து, அஞ்சுகத்தின் வீட்டுக்கு இணையம் கொடுத்தார்கள். அடுத்த நேர்காணலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கடைசிக் கேள்விவரை பதில் சொன்னாள். வேலை கிடைத்தது.

சீடர் குருவிடம் வந்தார். “ஒரு வீடு ஆச்சும்மா. மத்தவங்களுக்கு நிஜமாவே வேண்டாமோ என்னவோ?”

நித்திலம்மா சொன்னார்: “வெறுங்கையோட போய்க் கேட்டீங்க. கம்பியோட போய்க் கேளுங்க.”