காத்தாயி காய்ச்சிய மூன்றாவது சவுக்காரம்

முன்னொரு காலத்தில், ஆறு மூன்றாகப் பிரிந்து கடலில் விழும் ஒரு நாட்டில், காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அந்த நாட்டுக்கு ஒரு ராஜாவும் உண்டு. இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

காத்தாயி சவுக்காரம் காய்ச்சுபவள். சாம்பலை நீரில் கரைத்து வடிப்பாள். அந்தக் காரநீரை எண்ணெயில் ஊற்றிக் கெட்டியாகும்வரை கிண்டுவாள். வில்லை போட்டுப் பரணில் காயவைப்பாள். பக்குவம் பார்க்க, வில்லையை நாக்கு நுனியில் ஒரு தொடு தொடுவாள். சுள்ளென்றால் மறுபடி பரண். இல்லையென்றால் சந்தை. இருபது வருஷம் காரநீரில் ஊறிய அவள் உள்ளங்கை புளியமரப் பட்டை மாதிரி காய்த்துப் போயிருந்தது.

அவள் புருஷன் முத்திருளன் ஓடக்காரன். ஒரு நாள் அக்கரைக்குப் போக ஒரு மந்திரவாதி வந்தான். உடம்பெல்லாம் சொறியும் செதிலுமாக இருந்தான். கரை வழுக்கியது.

"தம்பி, கொஞ்சம் கை குடு" என்றான்.

முத்திருளன் கை கொடுக்கவில்லை. துடுப்பை நீட்டினான். "இதைப் புடிச்சு ஏறுய்யா. உன்கிட்ட இருக்கறது ஒட்டிக்கிட்டா என் பெண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?"

ஓடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மந்திரவாதி சிரிக்கவில்லை. அக்கரையில் இறங்கும்போது சொன்னான்:

"என்னைத் தொடக் கூசினாய். இனி உன்னை யாரும் தொட முடியாது. உன் தோல் வெங்காயச் சருகாகட்டும். உன் பெண்டாட்டி சவுக்காரக்காரிதானே? யாராவது ஒருவர் சவுக்காரம் போட்டு உன்னை நோகாமல் கழுவிவிட்டால் சாபம் தீரும். மூன்று முறை முயலலாம். மூன்றாவது முறையும் நொந்தால் உயிர் தங்காது."

வீடு வந்து சேர்வதற்குள் அவன் தோளில் துண்டு நூல் கீறி ரத்தம் கசிந்தது. அன்று முதல் முத்திருளனுக்கு வாழையிலைதான் பாய், வாழையிலைதான் போர்வை. ஈ உட்கார்ந்தால் கொப்புளம். காற்று வீசினால் கீறல்.

முதல் வருஷம் காத்தாயி ஒரு சவுக்காரம் காய்ச்சினாள். புருஷனுக்கு ஆயிற்றே! சந்தனம் இழைத்தாள், ரோஜா இதழ் அரைத்தாள், குங்குமப்பூ தூவினாள். தெருவே மணத்தது. தேய்த்தாள். முத்திருளனின் முதுகுத் தோல் அவள் கையோடு வந்தது.

இரண்டாம் வருஷம் இன்னொன்று காய்ச்சினாள். மருந்தாகவே இருக்கட்டும் என்று வேப்பிலை போட்டாள், மஞ்சள் போட்டாள், வெட்டிவேர் போட்டாள். தேய்த்தாள். அவன் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கைகள் கிளம்பிப் போயின.

மூன்றாம் வருஷம் அவள் அடுப்பு மூட்டவில்லை. கொல்லையில் புற்றருகே உட்கார்ந்திருந்தாள். புற்றுக்குள்ளிருந்து ஒரு பாம்பு தலையை நீட்டியது.

"என்னடி, பாயசமா காய்ச்சினே? கண்டதையும் போட்டிருக்கியே."

"நல்லதைத்தானே போட்டேன்?"

"வருஷத்துக்கு நாலு தடவை தோல் உரிக்கிறவன் நான். புதுத் தோலுக்கு எது ஆகும்னு என்னைக் கேளு. ஆனா சும்மா சொல்ல மாட்டேன். என் நாக்கு பிளந்து கிடக்கு, ஒரு ருசியும் தெரியல. உன் நாக்கிலே இருக்கிற சுரணையைக் குடு."

"எடுத்துக்கோ" என்றாள் காத்தாயி. யோசிக்கவில்லை.

பாம்பு எடுத்துக்கொண்டது. பிறகு சொன்னது: "வாசனை வேண்டாம், நிறம் வேண்டாம், மருந்து வேண்டாம். எண்ணெயும் சாம்பல் நீரும் போதும். காரம் முழுக்கச் செத்தப்புறம் தேய்."

"செத்துப்போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"நாக்கிலே வெச்சுப் பாரு" என்றது பாம்பு. பிறகு தானே நினைத்துப் பார்த்துச் சிரித்தது. "அதான் என்கிட்ட இருக்கே!" புற்றுக்குள் போய்விட்டது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

காத்தாயி மூன்றாவது சவுக்காரத்தைக் காய்ச்சினாள். வெளுப்பாக, மணமில்லாமல், பார்க்க ஒன்றுமில்லாத வில்லை. பத்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். அவள் நக்கிப் பார்த்து, "ஆத்தாடி, நெருப்பு!" என்றாள். எதிர்வீட்டுக்காரி அதே வில்லையை நக்கிவிட்டு, "ஒண்ணும் இல்லையே, லேசா உப்புக் கரிக்குது" என்றாள். மூன்றாம் வீட்டுக்காரி கதவையே திறக்கவில்லை.

காத்தாயி நேரே அக்கரைக்குப் போனாள். மந்திரவாதி ஒரு பாறைமேல் உட்கார்ந்து முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"சாபத்தை எடுக்கச் சொல்லி வந்திருந்தா, திரும்பிப் போ."

"எடுக்க வேண்டாம். எனக்கும் அந்தத் தோலைக் குடுங்க."

மந்திரவாதி சொறிவதை நிறுத்தினான். "எதுக்கு?"

"பக்குவம் பார்க்க ஒரு தோல் வேணும். ஊரார் நாக்கை நம்பி அவரைக் கழுவ முடியாது."

"உன் கையால நீயே எத்தனை தடவை தேய்ச்சாலும் உன் சாபம் போகாது. இன்னொரு கைதான் உன்னையும் கழுவணும். தீராமப் போனா?"

"இன்னொரு வாழையிலை அறுத்துக்கிறோம்."

மந்திரவாதி கொடுத்தான்.

திரும்பி வரும் வழியிலேயே வெயில் அவளை உரித்தது. அப்போதுதான் முத்திருளன் மூன்று வருஷம் எதற்குள் கிடந்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் வில்லையில் நகத்தளவு சுரண்டி நீரில் குழைத்து முழங்கையில் தேய்த்தாள். கங்கு வைத்தது போலிருந்தது. ஒரு நாளைக்கு ஓர் இடம். இருபதாம் நாள் கட்டெறும்புக் கடி போலிருந்தது. முப்பதாம் நாள் சிற்றெறும்புக் கடி. இரண்டு கையிலும் இடமில்லாமல் தழும்பு.

நாற்பதாம் நாள் முத்திருளன் சொன்னான்: "போதும் காத்தாயி. இன்னிக்கே தேய்ச்சுடு. போனா போறேன். உன் கையைப் பார்க்க முடியல."

"கண்ணை மூடிக்கோங்க மச்சான்" என்றாள். "இன்னும் ஒரு துளி எரிச்சல் இருக்கு."

ஒரு மண்டலம் ஆயிற்று. நாற்பத்தெட்டாம் நாள் தேய்த்தாள். ஒன்றும் இல்லை. நம்பாமல் கழுத்தில் தேய்த்தாள். ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பாக நீர் எடுத்து வந்தாள். நுரையை அவன் முதுகில் வைத்தாள். வைத்த பிறகுதான் கவனித்தாள். காய்ப்பு இல்லை, வெடிப்பு இல்லை. அவள் உள்ளங்கையும் வெங்காயச் சருகாக இருந்தது. பழைய கையாக இருந்திருந்தால், எத்தனை நல்ல சவுக்காரமானாலும் அது அவனைக் கிழித்திருக்கும்.

முத்திருளன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எரியுதா?"

அவள் கையை நிறுத்தினாள்.

"மச்சான், எரியுதா?"

"இல்ல புள்ள. நிறுத்தாதே."

தோளிலிருந்து தொடங்கிப் பாதம்வரை கழுவினாள். கழுவிய இடமெல்லாம் தோல் தடித்தது, நிறம் ஏறியது, மனிதத் தோலானது. பிறகு அவன் வில்லையை வாங்கிக்கொண்டான். மூன்று வருஷம் எதையும் இறுக்கிப் பிடிக்காத அவன் கை, குழந்தையின் கை போலிருந்தது. அவளைத் திண்டில் உட்காரவைத்துக் கழுவினான். முழங்கைத் தழும்புகளை எண்ணிக்கொண்டே வந்தவன், பாதியில் எண்ணுவதை விட்டான். சாபம் போயிற்று. தழும்பு போகவில்லை.

கடைசியாக முகத்தைக் கழுவினான். அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கன்னத்தில் வழிந்தது. அவள் பயந்து துடைக்கப் போனாள். எரியவில்லை. கையை எடுத்துவிட்டு, அது பாட்டுக்கு வழியட்டும் என்று விட்டாள்.

அவர்கள் கதை அங்கே முடிந்தது. நம் கதையும் இங்கே முடிந்தது.