ரோட்டில் ஊற்றும் டீ

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆவுடையப்பன் டீக்கடை. அவரிடம் ஒன்பது வருஷம் தொழில் படித்தவன் சந்தனக்குமார். குருவைவிட இரண்டே வயது இளையவன். தலை நரைத்தும் அவனுக்கு அவர் "மாஸ்டர்"தான்.

கோயம்புத்தூரில் மூன்று கடை போட்டான். ஓகோவென்று ஓடியது. விரலில் மோதிரம், வாசலில் கார். பிறகு ஒரு கடையை மூடினான், அடுத்ததையும் மூடினான். மிஞ்சிய ஒன்றையும் மூடிவிடலாமா என்ற நிலைமை. தொலைத்த இடத்தில் தேடு என்பார்கள். அவன் படித்த இடத்துக்கு வந்தான், விடிவதற்குள்.

பாய்லர் ஆவி முகத்தில் அடித்தது. அதே தகர மேஜை. அதன் அடியில் சாக்கை விரித்துப் படுத்த காலத்தில் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினோம் என்று நினைத்துக்கொண்டான்.

"அதே தூள், அதே பால் மாஸ்டர். கூட்டந்தான் வரல. எங்க தோத்தேன்னு புரியல."

ஆவுடையப்பன் கிளாஸை எடுத்தார். அன்றைய முதல் டீயை ஆற்றினார். தினமும் அதை வாசலில் இறங்கி ரோட்டில் ஊற்றுவது அவர் வழக்கம். இன்று அவனிடம் நீட்டினார்.

"இது ரோட்டுக்குப் போற டீயாச்சே."

"குடி."

ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது. ராத்திரி முழுக்கக் கிடந்த வடிகட்டித் துணியின் வாடை, பாய்லரில் தேங்கிய தண்ணீரின் வாடை.

இரண்டாவது டீ வந்தது. அவனுடைய ஒன்பது வருஷமும் அதில் இருந்தது. கண் கலங்கியது; அவன் மறைக்கவில்லை.

"சாமிக்கு ஊத்துறீங்கன்னுல்ல நெனச்சேன்."

"எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. நீ உன் கடையில என்ன செஞ்ச?"

"ஆரம்பத்துல ஊத்துனேன். அப்புறம் தினம் ஒரு டீ எதுக்கு வீணாப் போகணும்னு..." இழுத்தான். "காலையில வர்ற முதல் ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிட்டேன். மூணு கடையிலயும்."

"நீ குடிச்சுப் பாக்கலையா?"

"நான் எட்டு மணிக்கு மேலதான் கடைக்கே போவேன்."

"முதல் ஆளு யாரு?"

"முதல்ல போட்ட கடையில பால்காரர் ராக்கியப்பன். மழையானாலும் பனியானாலும் வந்துருவாரு." கிளாஸைக் கீழே வைத்தான். "முதல்ல வராமப் போனதும் அவருதான்."

ஆவுடையப்பன் அவன் குடித்த கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

"ஊரே தூங்கையில உன்னத் தேடி வந்த மனுசன்யா. அவருக்கா அதக் கொடுத்த?"