இட்லிப்பூவுக்குச் சட்னி கொண்டுபோனவர்

ஒரு மலையாம், மலைக்குக் கீழ ஒரு ஊராம், அந்த ஊர்ல ஒரு நாச்சிமுத்துவாம். வயிறு உரல் மாதிரி. அவருக்குப் பாவாயின்னு ஒரே பொண்ணு. "ம்" கொட்டுறியா? சரி.

பாவாயியைப் பொண்ணு கேட்டு மலைமேல இருந்து செங்கோடன் வந்தான். பாவாயிக்கு அவனைப் பிடிச்சுப்போச்சு. ஆனா நாச்சிமுத்து, "உங்க ஊர்ல திங்க என்னப்பா இருக்கு?"ன்னு உறுமுனாரு. பயத்துல அவனுக்கு நாக்கு குழறிருச்சு.

"எங்க காட்டுல செடியிலயே இட்லி பூக்கும் மாமா!"

"அப்படியா? கண்ணுல காட்டு. இல்லேன்னா பொண்ணு இல்ல!"

அப்புறம் என்ன, தூக்குவாளி நிறையச் சட்னியோட நாச்சிமுத்து கிளம்பிட்டாரு. பாவாயியும் கூடப் போனா. காடுன்னா அப்படியொரு காடு, வெயிலே கீழ விழாது. வானத்தை முட்டுற மரம் ஒண்ணு வந்துச்சு.

"இதுல இட்லி பூக்குதா?"

"இல்லீங்க மாமா."

அப்போ சடசடசடன்னு மழை. நனைஞ்சுக்கிட்டே ஒரு மூங்கில் புதரைக் காட்டி, "இதுலயா?"

"இல்லீங்க."

அப்புறம் பொதக் பொதக்னு சேறு, காலெல்லாம் அட்டை. மூணாவதா அவரு வாயைத் திறக்கறதுக்குள்ள செங்கோடன் கையை நீட்டினான். பெரிய மரத்தடியில, நிழல்ல, ஆள் உசரத்துக்கு ஒரு செடி. அதுல சிவப்பு சிவப்பா, உருண்டையா, உப்பலா பூக்கொத்து! அதுதான் இட்லிப்பூ. தூங்கிட்டியா? ம்.

நாச்சிமுத்து ஒரு கொத்தைப் பிடுங்கினாரு, சட்னியில முக்கினாரு, லபக்! உள்ள இருந்த கட்டெறும்பு, சுருக்! உதடு புஸ்ஸுன்னு வீங்கி, அதுவே இட்லி மாதிரி ஆயிருச்சு.

செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சுக்கங்க மாமா, வாய் தவறிப் பொய் சொல்லிட்டேன்."

நாச்சிமுத்து திட்டறாரு, திட்டறாரு, வர்றது "ம்ம்ம்! ம்ம்ம்!" மட்டும்தான். பாவாயி பார்த்தா.

"அப்பா, இவரையே கட்டிக்கட்டுமா?"

"ம்ம்ம்!"

"வர்ற வெள்ளிக்கிழமையேவா?"

"ம்ம்ம்ம்ம்!"

"அப்பா சரின்னுட்டாரு!"ன்னு பாவாயி குடுகுடுன்னு ஊரைப் பார்த்து ஓடிட்டா.

தாலி கட்டி முடிஞ்சப்பதான் அவருக்கு வீக்கமே வத்துச்சு. நேராப் பந்திக்குப் போனாரு, நிஜ இட்லி நாப்பது தின்னாரு, ஏப்பம் விட்டாரு, மாப்பிள்ளையை ஒரு முறை முறைச்சாரு. செங்கோடன் பாவாயி முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சான். அவரு கிட்ட வந்து, காதோட காதா கேட்டாராம்:

"மாப்பிள்ளை, உங்க காட்டுல வடைப்பூ இருக்கா?"

கதை காட்டுக்குள்ள போயிருச்சு. நீ போர்வைக்குள்ள போ, கண்ணு.