நெய்க்குடமும் அம்மிக்கல்லும்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னர் இருந்தார். சாப்பிட்ட சோறு செரிக்கவும் அவருக்குச் சிரிப்பு வேண்டும். சிரிக்க வைப்பது விகடன் வெண்காடனின் வேலை.

ஒருநாள் விருந்தில் அவன் அரண்மனைச் சமையற்காரன் மருதமுத்துவின் தொப்பையைக் காட்டி, "மன்னா, காணாமற்போன நெய்க்குடம் அதோ நடந்து வருகிறது!" என்றான். சபை குலுங்கியது. மருதமுத்து ஒரு துளி நெய் திருடியவனல்லன். ஆனால் மறுநாளே வேலை போயிற்று. தெருவில் எல்லோரும் 'நெய்த்திருடன்' என்றார்கள். பத்தாம் நாள், இடுப்பில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு அவன் குளத்தில் இறங்கிவிட்டான்.

அன்றிலிருந்து வெண்காடன் பேசவில்லை. சபைக்கு வருவான், தூணோரம் உட்காருவான், போவான். சோறு இறங்கவில்லை.

அவன்மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்டிருந்த அமைச்சர் தில்லைநாயகர், "அவர் பேச்சுக்கு இப்போது எடை கூடிவிட்டது, மன்னா. நிறுத்துக் காட்டச் சொல்லுங்களேன்" என்றார்.

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "வெண்காடா! உன் சொல் ஒன்றின் எடையை நாளை சபையில் நிறுத்துக் காட்டு. தவறினால் உன் தலை உனதில்லை."

மறுநாள் வெண்காடன் பெரிய தராசு ஒன்றைக் கொண்டுவந்தான். மருதமுத்துவின் உடலோடு வெளியே எடுத்துக் குளக்கரையில் போட்டிருந்த அம்மிக்கல்லையும் சுமந்துவந்து அதன் தட்டில் வைத்தான். தட்டு தரையில் மோதியது.

"இது என்ன?" என்றார் மன்னர்.

"என் சொல், மன்னா. ஓர் ஆளை அடிமண்வரை இழுத்துச் சென்ற எடை இதுதான்."

தில்லைநாயகர் தலைகுனிந்தார். மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். "பலே! அமைச்சரை மடக்கிவிட்டாயே!" கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

இவருக்கு இதுவும் விகடம்தானா என்று நினைத்த வெண்காடன் மாலையைத் தொடவில்லை. "மாலை வேண்டாம், மன்னா. மருதமுத்து திருடவில்லை என்று முரசறையச் சொல்லுங்கள், போதும்."

"அவ்வளவுதானா? ஆகட்டும்!" என்றார் மன்னர், சிரிப்பு அடங்காமலே.

முரசுக்காரனோடு வெண்காடனும் நடந்தான். மருதமுத்துவின் வீட்டு வாசலில் மும்முறை அறைந்து சொன்னார்கள். அவன் மனைவி செங்கமலம் கதவைத் திறந்து கடைசிவரை கேட்டாள்.

"அவரு காதுல விழற மாதிரி இத ஒரு தடவ சொல்லுவீங்களாய்யா?"

வெண்காடன் குளம் இருந்த திசையைப் பார்த்தான். முரசுக்காரன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தான்.