ராணியின் கன்னத்தில் ஒரு கை

மருதங்காட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்த காலம். ஊருக்கெல்லாம் புலி, ஒரே ஒரு சுவருக்கு முன்னால் மட்டும் பூனை. அந்தச் சுவரில் காலமாகிவிட்ட ராணி அலர்மேலுவின் சித்திரம் இருந்தது. ஏழு வருஷமாகத் தினமும் அதற்கு நெய்விளக்கும் கற்பூரமும் காட்டுவான். திரியைத் தூண்டிய கையாலேயே அவள் கன்னத்தைத் தொட்டு, "வரட்டுமா?" என்று கேட்பான். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நிற்பான்.

ஒரு நாள் பார்த்தால், ராணியின் முகமே கறுத்துக் கிடந்தது.

"பார்த்தீர்களா மகாராஜா!" என்று குதித்தார் கோதண்டராயர். மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர். "எவனோ கன்னத்தில் கையை வைத்துத் தேய்த்திருக்கிறான். மந்திரி காவல் காத்த லட்சணம்! சுரண்டிவிட்டால் என் மைத்துனன் புதிதாகவே வரைந்துவிடுவான்."

"அந்தக் கையை வெட்டுகிறேன்!" என்று கத்திய ராஜா மந்திரி பக்கம் திரும்பினான். "மந்திரியாரே, மனசில் அவள் முகம் பாதிதான் மிச்சம். சுவரிலும் போய்விட்டால் நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?"

மந்திரி பொன்னம்பலவாணர் சித்திரத்தின்மேல் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினார். "எட்டு நாள் பொறுங்கள். பூஜை வழக்கம்போல நடக்கட்டும். ஆள் தானாக அகப்படுவான்."

ராஜா அப்படியே செய்தான். துணியைப் பார்க்கப் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தொட்டான்.

ஒன்பதாம் நாள் சபையில் துணியை விரித்தார்கள். மேலெல்லாம் புகைக்கரி. நடுவில் நெய்க் கறையாக ஒரு கை.

"முதலில் மந்திரி கையை வைக்கட்டும்!" என்றார் கோதண்டராயர்.

மந்திரி வைத்தார், பொருந்தவில்லை. கோதண்டராயரின் கையும் பொருந்தவில்லை. சபையில் ஒருவர் கையும் பொருந்தவில்லை. பாக்கி ஒரே கைதான். ராஜா இறங்கிவந்து வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

அதே கையை நீட்டினான்.

"வெட்டுங்கள்," என்றான் ராஜா.

"வேண்டாம் மகாராஜா. விளக்கும் கையும் நாலடி தள்ளியிருந்தால் போதும்," என்றார் மந்திரி.

பிசைந்த மாவை உருட்டி, ஒற்றி ஒற்றிக் கரியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் அலர்மேலு கண் திறந்தாள். ராஜா குழந்தைமாதிரி அழுதான். ஆனால் கன்னத்தில் வர்ணம் இல்லை, வெறும் சுண்ணாம்புதான் இருந்தது.

"அதை மட்டும் என் மைத்துனன்..." என்று இழுத்தார் கோதண்டராயர்.

"அவன் வரைந்தால் அது வேறு யாரோ ஒருத்தியின் கன்னம். இது நான் தொட்ட இடம், இப்படியே இருக்கட்டும்," என்றான் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "ராயரே, இனி இந்த வாசலுக்கு நீர்தான் காவல். விளக்கோடு எவன் வந்தாலும் தடுக்க வேண்டும்."

மறுநாள் காலையில் முதல் ஆளாக விளக்கோடு வந்தவன் ராஜாதான், பழக்கதோஷம். ராயர் வாசலை மறித்துக் கையை நீட்டினார். ராஜா விளக்கைக் கொடுத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"வரட்டுமா?" என்று கேட்டான்.

அன்றைக்குச் சபை கூட வெகுநேரமாயிற்று.