தும்மினால் ஓடம் எந்தப் பக்கம் சாயும்?

வாருங்கள், முன்னால் வந்து உட்காருங்கள். சின்னவர்கள் சத்தம் போடக்கூடாது, பெரியவர்கள் தூங்கக்கூடாது. என் நிபந்தனை அவ்வளவுதான்.

எந்தக் காலம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆற்றுக்குப் பாலம் இல்லாத காலம், அரசனுக்கு வேறு வேலை இல்லாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்கரைப் பட்டணம் என்று ஒரு பட்டணம். அதை வினாதீரன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான்.

அந்த ராஜாவுக்குக் கேள்வி என்றால் உயிர். காலையில் கண் விழித்தால் ஒரு கேள்வி, சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கேள்வி, படுக்கப் போனால் ஒரு கேள்வி. ராஜாவே இப்படி என்றால் அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? அரண்மனையில் எந்த வேலைக்கு யார் போனாலும், நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்பார்கள். அதில் ஒரு வேடிக்கை. வேலையைப் பற்றி மட்டும் கேட்கவே மாட்டார்கள்!

அந்தப் பட்டணத்தில் தாண்டவன் என்று ஓர் இளைஞன் இருந்தான். துடுப்புப் போடுவான், மண் கொத்துவான், குதிரைக்குக் கொள்ளு வைப்பான். கையில் வேலை உண்டு. வாயில்தான் கொஞ்சம் அவசரம்.

அவனுக்குச் செவந்தி மேல் ஆசை. செவந்திக்கும் அவன் மேல் ஆசை. செவந்தியின் அப்பா ஏகாம்பரம் கடைத்தெருவில் வளையல் விற்பவர், தாண்டவனுக்குத் தூரத்து மாமன் முறை. முறை இருக்கிறது, மனசு இருக்கிறது, பிறகு என்ன தடை என்கிறீர்களா? ஏகாம்பரம் ஒரே பிடியாக நின்றார்.

"அரண்மனை உத்தியோகம் இருந்தாத்தான் பொண்ணு. தை பொறக்கிறதுக்குள்ள வேலையோட வா. இல்லாட்டி அரண்மனைக் களஞ்சியத்துக்காரர் மகனுக்கு வெத்தலைபாக்கு மாத்திடுவேன்."

பாவம் தாண்டவன், அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் அரண்மனைத் தோட்டத்து வேலைக்குப் போனான். தோட்டத்து அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "நீ ஒரு காயாகப் பிறந்திருந்தால் என்ன காயாகப் பிறந்திருப்பாய்?"

தாண்டவன் திருதிருவென்று விழித்தான். அவனுக்கு முன்னால் போனவன் பூசணிக்காய் என்று சொல்லி, "கிடந்த இடத்திலேயே கிடந்து பெருப்பாய், போ" என்று விரட்டப்பட்டிருந்தான். அதனால் யோசித்து, "முருங்கைக்காய்ங்க ஐயா. காய், கீரை, பூ எல்லாம் உதவும்" என்றான். "முருங்கையா? ஒரு காற்றுக்குத் தாங்குமா? போ, போ" என்றார் அதிகாரி. ஆக, எந்தக் காய் சொன்னாலும் குழம்பில் போடத்தான் போகிறார்கள்!

அடுத்து குதிரை லாயத்துக்குப் போனான். லாயத்து அதிகாரி தன் வெற்றிலைப் பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தார். "இந்தப் பெட்டியை எனக்கே விற்றுக் காட்டு பார்ப்போம்."

தாண்டவனுக்குத் தலை சுற்றியது. குதிரை எங்கே, வெற்றிலைப் பெட்டி எங்கே? அவசரக்காரன் வாய் சும்மா இருக்குமா? "ஐயா, உங்க சாமானை உங்களுக்கே வித்தா அதுக்குப் பேரு வியாபாரமா, திருட்டா?" என்று கேட்டுவிட்டான். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். குதிரைகள்கூடக் கனைத்துச் சிரித்தனவாம்.

மார்கழியும் பிறந்துவிட்டது. தாண்டவன் வளையல் கடைக்குப் போனபோது ஏகாம்பரம் இல்லை, செவந்திதான் வளையல்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். அவன் பொரிந்து தள்ளினான். காயைச் சொன்னான், பெட்டியைச் சொன்னான், அதிகாரிகளின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத செவந்தி! என் வயிறு எரியுது."

"சரி மச்சான், சிரிக்கல. அந்தப் பெரிய மனுஷங்க ஏன் அப்படிக் கேட்டாங்களாம்?"

"கிறுக்குப் பிடிச்சுக் கேட்டாங்க. வேறென்ன?"

"நீ கேட்டியா?"

"எதை?"

"ஏன் கேக்குறீங்கன்னு."

அது தாண்டவனுக்குத் தோன்றவே இல்லை.

செவந்தி சொன்னாள்: "நேத்து ஒரு அக்கா வந்து, இந்த வளையல் பேசுமான்னு கேட்டுச்சு. கிறுக்குன்னு நெனச்சு அனுப்பியிருந்தா போயிருக்கும். ஏன்க்கா கேக்குறீங்கன்னு கேட்டேன். வீட்டுல கைக்குழந்தையாம். கஷ்டப்பட்டுத் தூங்க வச்சா, வளையல் சத்தம் கேட்டு முழிச்சிக்குமாம். ரெண்டே ரெண்டு மெல்லிசு வளையல் குடுத்தேன், வாழ்த்திட்டுப் போச்சு. மனுஷங்க மனசுல முள்ளு ஒரு இடத்துல இருக்கும் மச்சான், கேள்வி வேற இடத்துல வந்து விழும்."

தாண்டவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டான்.

அந்த வருஷத்தில் மிச்சமிருந்த ஒரே அரண்மனை வேலை ஓடக்காரர் வேலை. அறிவிப்பு வந்ததும் ஆற்றங்கரையில் அனுமார் வால்போல வரிசை நின்றது. வரிசையில் பாதிப் பேர் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரே ஓடத்தில் எப்படிக் கரை சேர்ப்பது என்ற பழைய கணக்கை யாரோ அவர்களுக்கு நெட்டுருப் போட வைத்திருந்தார்கள். ஓடக்காரர் வேலைக்கு வேறென்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்ற நம்பிக்கை!

ராஜ்யத்து ஓடத்துறைகளுக்கெல்லாம் அதிகாரியான செம்பியராயர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. புலியும் இல்லை, ஆடும் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நடு ஆற்றில் ஓடம் போகிறது. நீ தும்முகிறாய். ஓடம் எந்தப் பக்கம் சாயும்?"

ஒருவன் "இடப்பக்கம்" என்றான். "போ" என்றார். இன்னொருவன் "வலப்பக்கம்" என்றான். "நீயும் போ" என்றார். மூன்றாவது ஆள் கெட்டிக்காரன். "நான் தும்மினால் ஓடம் சாயவே சாயாது" என்று மார் தட்டினான். செம்பியராயர் எழுந்தே நின்றுவிட்டார். "முதலில் நீ போ!" என்று கத்தினார்.

தாண்டவன் முறை வந்தது. அதே கேள்வி வந்தது. அவனுக்கு உள்ளே சுர்ரென்று ஏறியது. இடது சொன்னாலும் போ, வலது சொன்னாலும் போ, சாயாது என்றாலும் போ. இவர் என்ன, ஆளைக் கூப்பிட்டு வைத்து விளையாடுகிறாரா? அவர் மூக்கில் ஒரு சிட்டிகை பொடியைத் தூவி நீங்களே தும்மிப் பாருங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும், செவந்தியும் களஞ்சியத்துக்காரர் வீட்டுக்குப் போயிருப்பாள்.

நல்லவேளை, அவளை நினைத்துக்கொண்டான். கைகட்டி நின்று, "ஐயா, கோவிச்சுக்காதீங்க. பதில் சொல்றதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கிறேன். தும்மலால உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுங்களா?" என்றான்.

காவல்காரர்கள் இருவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள் மட்டும் குலுங்கியது. செம்பியராயரின் உதடு துடித்தது. கோபமா, அழுகையா என்று தெரியவில்லை.

"போன ஆடிப்பெருக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தார். "பட்டு உடுத்தி, சந்தனம் பூசி, ஓடத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு ஊருக்கே கும்பிடு போட்டுக்கிட்டுப் போறேன். ஓடக்காரப் பாவி தும்மினான். ஓடம் சாஞ்சு நான் ஆத்துல விழுந்தேன். எனக்கு நீச்சல் தெரியாதப்பா! ஊரே பாக்க, குடுமியைப் பிடிச்சுத் தூக்கினாங்க. ஏன்டா இப்படிப் பண்ணினேன்னு கேட்டா, தும்மல் வந்தா நான் என்ன பண்றதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அன்னையிலிருந்து நான் ஓடத்துல கால் வைக்கல. துறைக்கு அதிகாரி, தண்ணியைப் பாத்தா உதறல். வெளியில சொல்ல முடியுமா?"

தாண்டவனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தப் பெரிய உருவத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தும்மல் வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க ஐயா" என்றான். "ஆனா என் ஓடத்துல யாரையும் நிக்க விடமாட்டேன். ராஜாவே வந்தாலும், உக்காருங்க சாமின்னு கும்பிட்டுச் சொல்லிட்டுத்தான் கயித்தை அவுப்பேன். அதையும் மீறிச் சாஞ்சா முதல்ல உங்களைத் தூக்குவேன். அப்புறம் தப்பு என்னோடதுன்னு சொல்லுவேன். தும்மல் மேல பழி போடமாட்டேன்."

செம்பியராயர் அவனை உற்றுப் பார்த்தார். வெகுநாள் கழித்து நாற்காலியைத் திருப்பி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார். "வேலை உனக்குத்தான்" என்றார்.

தாண்டவனுக்குத் தலைகால் புரியவில்லை. அரண்மனை முத்திரை பதித்த தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் ஓடினான். "மாமா! வேலை கெடச்சிருச்சு! நெடுந்துறையில ஓடக்காரர் உத்தியோகம்!"

ஏகாம்பரத்தின் கையிலிருந்த வளையல் நழுவி விழுந்து உடைந்தது.

"நெடுந்துறையா? அது ரெண்டு காடு தாண்டி, மலைக்கு அந்தாண்டை இல்ல இருக்கு?"

"ஆமா மாமா. அரண்மனை உத்தியோகம்னா அனுப்புற எடத்துக்குப் போகத்தானே வேணும்?"

"பொண்ணு கிடையாது. போ" என்றார் ஏகாம்பரம்.

கேட்டீர்களா அநியாயத்தை! கேட்ட வேலையைத் தேடி வாங்கிக்கொண்டு வந்தால் பெண் கிடையாதாம்! தாண்டவனுக்குக் கண் சிவந்தது. செவந்தி உள்ளே இருந்து ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன மாமா வெளையாடுறீங்களா?" என்று அவன் ஓரடி முன்னால் வைத்தான்.

வைத்தவன் அப்படியே நின்றான். ஊரிலுள்ள அதிகாரியிடம் எல்லாம் போய் நின்றாயிற்று, இந்த மாமனை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவனுக்கு உறைத்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அரண்மனை வேலைக்காரன்தான் வேணும்னு ஏன் சொன்னீங்க?"

ஏகாம்பரம் குனிந்து உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியவளைக் கப்பல் வியாபாரிக்குக் குடுத்தேன். கடல் தாண்டிப் போனவ முகத்தை இன்னும் நான் பாக்கல. அவளுக்கு ஒரு பையன் பொறந்திருக்கானாம், கறுப்பா சிவப்பான்னுகூடத் தெரியாது. இவ ஒருத்தியாவது கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்னு பாத்தேன். அரண்மனை ஆளுன்னா அரண்மனை இருக்கிற ஊர்லதானே இருப்பான்னு நெனச்சேன். உன் வேலை யாருக்குடா வேணும்?"

கதவோரம் நின்ற செவந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "ஏம்ப்பா, நெடுந்துறையில இருக்கிற பொம்பளைங்களுக்குக் கை இல்லையா?"

"என்னடி உளர்ற?"

"கை இருந்தா வளையல் வேணும்ல? கடையைக் கட்டிக்கிட்டு நீயும் வா."

"மருமகன் வீட்டுல போய் உக்காந்து சோறு திங்கச் சொல்றியா? ஊரு சிரிக்கும்!"

"என் வீட்டுல எதுக்கு உக்காரணும்?" என்றான் தாண்டவன். "உங்க கடை, உங்க அடுப்பு, உங்க சோறு. என் வீடு பக்கத்துல இருக்கும், அவ்வளவுதான். நான் ஆத்துக்குப் போனதும் அவ உங்களை வந்து பாக்கட்டும். நான் திரும்புனா நானும் வந்து பாக்குறேன்."

ஏகாம்பரம் எழுந்தார். கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடுக்கிய வளையல்களைக் கலைத்தார், மறுபடி அடுக்கினார். கடைசியில் முகத்தைக் காட்டாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க இருக்கிறவங்க எந்த நிறத்து வளையல் போடுவாங்க?"

தாண்டவனுக்கு எப்படித் தெரியும்? அவன் நெடுந்துறையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பச்சை என்று சொல்லலாமா, சிவப்பு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். அப்புறம் மாமாவின் முதுகைப் பார்த்தான். புது ஊரில் தன்னை யார் மதிப்பார்கள் என்று பயந்து குறுகி நின்ற முதுகு அது.

"நீங்க வந்து எது நல்லாருக்குன்னு சொல்றீங்களோ அதைப் போடுவாங்க மாமா" என்றான்.

ஏகாம்பரம் திரும்பினார். "மூட்டையைக் கட்டுங்க மாப்பிள்ளை" என்றார்.

தை முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். செம்பியராயர் வந்து, உட்கார்ந்தபடியே வாழ்த்திவிட்டுப் போனார். தோட்டத்து அதிகாரி ஏன் காயைக் கேட்டார், லாயத்து அதிகாரி ஏன் பெட்டியைக் கொடுத்தார் என்று நீங்கள் என்னைக் கேட்காதீர்கள். அவர்களை இன்னும் யாரும் கேட்கவில்லை.

இதனால் நாம் அறிவது என்னவென்றால், எத்தனை விசித்திரமான கேள்வி வந்தாலும் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டாமல், கேட்பவர் மனசில் குத்தும் முள் எது என்று பணிவாகக் கேட்டறிந்து அதற்குப் பதில் சொல்பவனே ஜெயிப்பான்.